உச்சி வெயில்ல கரண்ட் இல்லாம உக்காந்திருந்த சோலார் வீடு

முதல்ல நான் அசிங்கப்பட்ட கதைய சொல்லிடறேன், அப்பதான் மத்ததெல்லாம் புரியும். மாடில பத்து பேனல், ஒவ்வொண்ணும் 540 வாட், மொத்தம் 5.4 கிலோவாட். மாட்டி ரெண்டு மாசம்கூட ஆகல. போன்ல அந்த ஆப்ப தொறந்து தொறந்து இன்னிக்கு எத்தன யூனிட் வந்திருக்குன்னு பாக்கறதே பொழப்பா இருந்த நேரம். ஒரு நாள் மத்தியானம் பன்னெண்டரை இருக்கும், வெயில் மண்டைய பொளக்குது, கரண்ட் போச்சு. நான் அசையவே இல்ல, நம்மகிட்டதான் மாடி முழுக்க சோலார் இருக்கேன்னு தெனாவெட்டா உக்காந்திருக்கேன். ஃபேன் மெதுவாகி மெதுவாகி நின்னே போச்சு. ஆப்ப தொறந்து பாத்தா பூஜ்யம்.

பக்கத்து வீட்டு பெரியவர்கிட்ட இருக்கறது ஒரு பழைய இன்வெர்ட்டரும் ஒரு லெட் ஆசிட் பேட்டரியும்தான், டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஊத்தி ஓட்டிட்டிருக்கற ஐட்டம். அவர் வீட்ல ஃபேன் ஜம்முனு ஓடுது. காம்பவுண்டு சுவர் பக்கமா எட்டிப் பாத்து "என்ன தம்பி, இவ்ளோ பேனல் வெச்சிருக்கீங்க, உங்க வீட்லயும் கரண்ட் இல்லையா"ன்னு கேட்டாரு பாருங்க. அவர் கிண்டலா கேக்கல, நெஜமாவே சந்தேகம்தான், அதனாலதான் இன்னும் வலிச்சுது.

பேனல் மாட்டினவங்களுக்கு போன் போட்டேன். "ஆமா சார், கிரிட் இல்லேன்னா இதுவும் ஓடாது, ஆன்கிரிட் சிஸ்டம் அப்படித்தான்"னு ரொம்ப சாதாரணமா சொன்னாங்க. கிரிட்டுன்னா ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டு வர்ற மின் வலை, ஆன்கிரிட்டுன்னா அதோட சேந்துதான் ஓடும். இத முன்னாடியே சொல்லக்கூடாதான்னு கேட்டா, நீங்க கேக்கலையே சார்ங்கறாங்க. சரிதான், நான் கேக்கல. எத்தன வருஷத்துல போட்ட காசு திரும்பும்னுதான் கேட்டேன், கரண்ட் போனா என்ன ஆகும்னு கேக்கத் தோணவே இல்ல, ஏன்னா அது கேக்க வேண்டிய கேள்வியே இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன்.

இதுக்கு பின்னாடி இருக்கற காரணம் தெரிஞ்சப்புறம் கோவம் கொஞ்சம் கொறஞ்சுது. சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், அதாவது பேனல் கரண்ட்ட வீட்டு கரண்ட்டா மாத்தற பெட்டி, தானா ஒரு கரண்ட் அலைய உருவாக்காது, லைன்ல ஏற்கனவே ஓடிட்டிருக்கற 50 இல்லேன்னா 60 ஹெர்ட்ஸ் அலையப் பாத்து அதோட தாளத்துக்கு கரண்ட்ட உள்ள தள்ளும், அவ்ளோதான். பாட்டு நின்னா கூடப் பாடறவனும் நின்னுடற மாதிரி. அது மட்டும் இல்ல, லைன் செத்துப் போச்சுன்னு நெனச்சு லைன்மேன் கம்பத்துல ஏறி கை வெக்கும்போது நம்ம மாடிலேர்ந்து கரண்ட் அந்தப் பக்கம் போச்சுன்னா என்ன ஆகும்? அதுக்காகவே கிரிட் போனதும் இன்வெர்ட்டர் தானா கழண்டுக்கணும்னு விதி இருக்கு, ஆன்டி ஐலேண்டிங்ன்னு பேரு. ஐ-டிரிபிள்-ஈங்கற மின் இன்ஜினியர் சங்கத்தோட 1547ங்கற ஸ்டாண்டர்டு அதுக்கு ரெண்டு செகண்டுதான் டைம் குடுக்குது. ஆக என் இன்வெர்ட்டர் அன்னிக்கு தன் வேலைய ஒழுங்காத்தான் பண்ணிருக்கு, நான்தான் அது வேற வேலை பண்ணும்னு எதிர்பாத்திருக்கேன்.

இதுல நான் தனி ஆள் இல்ல. 2025 ஏப்ரல் 28, ஸ்பெயின்லயும் போர்ச்சுகல்லயும் மொத்த கிரிட்டும் விழுந்துச்சே, அது எத்தன மணிக்குன்னு பாருங்க, மத்தியானம் 12:33. சாயங்காலமும் இல்ல, புயலும் இல்ல, நல்ல வெயில். வோல்டேஜ் எகிறி, அதைத் தாங்க முடியாம ஒவ்வொரு மின் நிலையமா கழண்டு, சில செகண்டுக்குள்ள எல்லாம் சரிஞ்சுது. ஸ்பெயின்ல டிரான்ஸ்மிஷன் லைன் முழுசா திரும்ப வர்றதுக்கு மறுநாள் விடியக்காலை 4 மணி ஆச்சு. அங்க கூரைமேல பேனல் வெச்சிருந்து பேட்டரியோ பேக்கப் வசதியோ இல்லாம இருந்தவங்க எல்லாருக்கும் அன்னிக்கு என் கதைதான், தலைக்கு மேல சூரியன், சுவிட்ச்ச தட்டினா ஒண்ணும் இல்ல.

சரி, கிரிட் ஏன் திணறுது, அத கொஞ்சம் பேசிடுவோம், ஏன்னா அது புரியாம பேட்டரி வாங்கினா தப்பான சைஸ்ல தப்பான காரணத்துக்கு வாங்குவோம் (நான் கிட்டத்தட்ட வாங்கினேன்). கிரிட்டுங்கறது தண்ணி டேங்க் மாதிரி கெடயாது. இந்த நொடி ஊர் முழுக்க எவ்ளோ இழுக்குதோ அதே அளவு இந்த நொடியே தயாராகிட்டிருக்கணும். இழுக்கறது கூடினா ஜெனரேட்டரெல்லாம் மூச்சு வாங்கும், ஃப்ரீக்வென்சி, அதாவது அந்த 50, 60 ஹெர்ட்ஸ் தாளம், எறங்கும். ரொம்ப எறங்கினா தன்னை காப்பாத்திக்க ஒவ்வொரு ஜெனரேட்டரா கழண்டுக்கும், ஒண்ணு கழண்டா மிச்சம் இருக்கறதுமேல பாரம் ஏறும், அது இன்னும் எறங்கும். அதுக்கு முன்னாடியே தடுக்கத்தான் ஏரியா ஏரியாவா கட் பண்றாங்க. நாம திட்டற லோடு ஷெட்டிங் பல நேரம் பெரிய விபத்து நடக்காம இருக்க வேணும்னே வெட்டி விடற வெரல்தான்.

2021 பிப்ரவரி 15 டெக்சாஸ் கதைய படிச்சப்போ எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. கடும் குளிர், நடுராத்திரி ரெண்டு மணி வாக்குல, 60ல இருக்க வேண்டிய ஃப்ரீக்வென்சி 59.302 வரைக்கும் எறங்கிடுச்சு. 59.4க்கு கீழ ஒம்போது நிமிஷம் இருந்தா ஜெனரேட்டரெல்லாம் கழண்டுக்கற மாதிரி செட்டிங். அன்னிக்கு 4 நிமிஷம் 23 செகண்டு கீழ இருந்துச்சு, அதுக்குள்ள லோட வெட்டி வெட்டி மேல தூக்கிட்டாங்க. அஞ்சு நிமிஷம்கூட பாக்கி இல்ல பாருங்க. அப்படி வெட்டியும் லட்சக்கணக்கான வீடு நாள்கணக்குல இருட்டுலயும் குளிர்லயும் கெடந்துச்சு. இந்தியால 2012 ஜூலை 30, 31 ரெண்டு நாளும் வரிசையா விழுந்துச்சு, ரெண்டாவது நாள் பாதிக்கப்பட்டவங்க 60 கோடிக்கும் மேல. பணக்கார நாடு ஏழை நாடுன்னெல்லாம் இதுல பெருசா வித்தியாசம் இல்ல.

ஆனா இந்த மாதிரி மொத்தமா விழறது எப்பவாவதுதான். தெனமும் நடக்கற திணறல் சாயங்காலம்தான். வெயில் காலத்துல மத்தியானம் முழுக்க சூடான செவுரு ராத்திரி வரைக்கும் சூட்ட கக்கிட்டே இருக்கும், வேலைக்குப் போனவங்க வீட்டுக்கு வருவாங்க, ஏசி ஓடும், அடுப்பு ஓடும், கார் வெச்சிருக்கவங்க சார்ஜ்ல போடுவாங்க, அதே நேரத்துல சூரியன் எறங்கிடும், ஊர்ல இருக்கற அத்தன சோலாரும் ஒண்ணா படுத்துடும். கலிஃபோர்னியா கிரிட்ட நடத்தறவங்க 2013ல இத ஒரு கோடா வரைஞ்சு காட்டினாங்க, மத்தியானம் வயிறு தொங்கி சாயங்காலம் கழுத்து நிமிர்ற வாத்து மாதிரி இருக்கும், அதனால டக் கர்வ்னே பேரு வந்துடுச்சு. அதாவது பேட்டரி இல்லாத என்ன மாதிரி ஆளுங்க மத்தியானம் வேண்டாத நேரத்துல கிரிட்டுல கொட்டிட்டு, சாயங்காலம் எல்லாரும் இழுக்கற நேரத்துல நாமளும் சேந்து இழுக்கறோம். நான் ஏதோ ஊருக்கு நல்லது பண்ணிட்டிருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன். பாதிதான் உண்மை.

பேட்டரி போடலாம்னு முடிவு பண்ணதும் எல்லாரும் பண்ற தப்பையே நானும் பண்ண இருந்தேன், எத்தன யூனிட் பேட்டரின்னு மட்டும் பாத்தேன். நம்பர் ரெண்டு இருக்கு. கிலோவாட்டுங்கறது ஒரே நேரத்துல எவ்ளோ இழுக்கலாம்ங்கறது, யூனிட்டுங்கறது மொத்தமா எவ்ளோ இருக்குங்கறது. பாட்டில் பெருசா இருந்து வாய் சின்னதா இருந்தா அவசரத்துக்கு தண்ணி வராது. பேட்டரி 10 யூனிட் இருக்கும், ஆனா இன்வெர்ட்டர் 5 கிலோவாட்டுதான்னா, வாட்டர் ஹீட்டரும் இன்டக்ஷன் அடுப்பும் ஏசியும் ஒண்ணா போட்டா டொப்புனு டிரிப் ஆகிடும், பேட்டரி ஃபுல்லா இருந்தாலும். மோட்டார் இருக்கே, அது இன்னும் மோசம், ஸ்டார்ட் ஆகற அந்த நொடில மட்டும் ஓடற கரண்ட்ட விட நாலு மடங்கு அஞ்சு மடங்கு இழுக்கும், சிலது அதுக்கும் மேல.

ஒரு வாரம் வீட்ல இருக்கற ஒவ்வொரு பொருளையும் பிளக்ல மாட்டற சின்ன வாட் மீட்டர் வெச்சு அளந்தேன். வீட்ல எல்லாரும் பைத்தியம் புடிச்சிருச்சுன்னே நெனச்சாங்க, என் தம்பி மட்டும் பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தான். ஆனா இந்த ஒரு வாரம்தான் மொத்த சமாச்சாரத்துலயும் உருப்படியான வேலைன்னு இப்ப சொல்லுவேன். ஃபிரிட்ஜ் நாங்க பயந்த அளவு இல்ல, ஒரு நாளைக்கு ஒன்னேகால் யூனிட்தான். வைஃபை பெட்டி பத்து வாட். பழைய சீலிங் ஃபேன் ஒவ்வொண்ணும் 75 வாட், மூணு ஓடினா 225, ராத்திரி பத்து மணி நேரத்துக்கு ரெண்டேகால் யூனிட். அதையே கம்மி கரண்ட் இழுக்கற புது ரக பிஎல்டிசி ஃபேனா மாத்தினா 30 வாட்டுதான், ஒரு யூனிட்டுக்கு கீழ வந்துடும். ஆக பேட்டரிய பெருசாக்கறதுக்கு பதிலா ஃபேன மாத்தினாலே ஒரு ராத்திரிக்கு ஒன்னேகால் யூனிட்டுக்கு மேலயே மிச்சம். இத எந்த சேல்ஸ்மேனும் சொல்லமாட்டான்.

யாருமே சொல்லாத இன்னொண்ணு, இன்வெர்ட்டர் சும்மா இருக்கறதுக்கே கரண்ட் சாப்பிடும். என்னோடது 50 வாட், ராத்திரி பன்னெண்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட், ஒரு முழு நாளுக்கு 1.2. ஃபிரிட்ஜ் சாப்பிடறத கிட்டத்தட்ட இதுவே சாப்பிடுது. இன்வெர்ட்டர் வாங்கும்போது அந்த டேட்டா ஷீட்ல ஸ்டேண்ட்பை எவ்ளோன்னு தேடிப் பாருங்க, ரொம்ப சின்ன எழுத்துல எங்கயாவது கீழ இருக்கும்.

பேட்டரில எது வாங்கறதுன்னு ரொம்ப மண்டைய ஒடச்சுக்கல. லெட் ஆசிட் 1859ல பிளான்டேங்கற ஃபிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்ச சங்கதி, இன்னும் ஓடுது, மரியாதைதான், ஆனா பாதிக்கு மேல காலி பண்ணா ஆயுசு கொறையும், தெனமும் ஏத்தி எறக்க லாயக்கு இல்ல. எப்பவாவது கரண்ட் கட் ஆகற வீட்டுக்கு பெரியவர் மாதிரி அதுவே போதும். தெனமும் சாயங்காலம் ஓட்டணும்னா லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எல்எஃப்பின்னு சொல்றாங்களே அதுதான். ஆயிரக்கணக்கான தடவ ஏத்தி எறக்கலாம், எண்பது தொண்ணூறு சதவீதம் வரைக்கும் காலி பண்ணலாம், மத்த லித்தியத்த விட சூட்டுல தீப்புடிக்கற பயமும் கம்மி. கம்மின்னுதான் சொன்னேன், இல்லவே இல்லன்னு சொல்லல, அதனால படுக்கற ரூம்லயும் மாடிப்படிக்கு அடியிலயும் வெக்காதீங்க, வெளிய ஓடற வழிய மறிக்கற எடத்துல வெக்கவே வெக்காதீங்க. வெயில் நேரா விழற செவுத்துலயும் வேண்டாம். உறையற குளிர் இருக்கற ஊரா இருந்தா பூஜ்யம் டிகிரிக்கு கீழ இத சார்ஜ் பண்ணக்கூடாது, செல்லுக்குள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு கெட்டுப்போயிடும், ஹீட்டர் வெச்ச மாடல் பாக்கணும்.

நான் வாங்கினது 51.2 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் ரெண்டு. பெருக்கிப் பாத்தா ஒண்ணு 5.12 யூனிட், ரெண்டும் சேந்து 10.24. கூடவே ஹைபிரிட் இன்வெர்ட்டர், இது கிரிட் போனா தானே ஒரு அலைய உருவாக்கிட்டு தனியா ஓடும், பேனலும் அதுலயே சேந்து வேலை செய்யும். மெயின் போர்ட ரெண்டா பிரிச்சோம். லைட்டு, ஃபேன், ஃபிரிட்ஜ், வைஃபை, ஒரு ஏசி இதெல்லாம் பேக்கப் பக்கம். வாட்டர் ஹீட்டர், அடுப்பு, தண்ணி மோட்டார் கிரிட் பக்கம். இந்த பிரிக்கற வேலைல எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு முழு நாள் மண்டைய பிச்சுக்கிட்டாரு, ஏன்னா பழைய வீட்டு வயரிங்ல எந்த நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) எங்க போய் சேருதுன்னு கட்டினவருக்கே தெரியாது. ஆனா அவர்தான் ஒரு நல்ல கேள்வி கேட்டாரு, கிரிட் கழண்டப்புறம் நியூட்ரல் எங்க எர்த் ஆகும்னு. தனியா ஓடும்போது அந்த இணைப்பு இல்லேன்னா ஷாக் அடிச்சா டிரிப் ஆக வேண்டிய ஆர்சிசிபி சும்மா வேடிக்கை பாக்கும். எங்க இன்வெர்ட்டர்ல அந்த இணைப்ப தானா போடற ரிலே சுவிட்ச் உள்ளயே இருந்துச்சு, செட்டிங்ல ஆன் பண்ணாம விட்டிருந்தாங்க. உங்க வீட்லயும் ஒரு தடவ கேட்டுடுங்க, இது மட்டும் விளையாட்டு இல்ல.

முதல் பரீட்சை நாலு மாசம் கழிச்சு வந்துச்சு. சாயங்காலம் ஏழு மணி, காத்து மழை, கரண்ட் போச்சு. லைட் லேசா ஒரு கண் சிமிட்டிச்சு, அவ்ளோதான். எனக்கு ஒரே சந்தோஷம், ஊரே இருட்டு, நம்ம வீடு மட்டும் பளிச்சுன்னு. பேட்டரி 85 சதவீதம். பந்தாவா ஏசியையும் போட்டுட்டு எல்லாரும் படுத்தாச்சு. விடியக்காலை நாலு மணிக்கு எல்லாம் அணைஞ்சுது. கணக்கு பின்னாடிதான் போட்டேன், 10.24ல 85 சதவீதம்னா 8.7, அதுல கடைசி பத்து சதவீதத்த இன்வெர்ட்டர் தொடாது, மிச்சம் 7.7தான். ஃபேன் ஃபிரிட்ஜ் இன்வெர்ட்டர் எல்லாம் சேத்து மூணு யூனிட், ஏசி சராசரியா முக்கால் கிலோவாட்ன்னு ஆறு ஆறரை மணி நேரம், முடிஞ்சுது கதை.

சரி போகட்டும், ரெண்டு மணி நேரத்துல விடிஞ்சுடும், சூரியன் வந்தா தானா கெளம்பும்னு இருந்தேன். சூரியன் வந்துச்சு, மழை விட்டு கழுவின மாதிரி வானம், ஏழு மணி, எட்டு மணி, ஒம்போது மணி, ஒண்ணும் கெளம்பல. என்ன ஆச்சுன்னா, நாலு மணிக்கு வீட்டுக்கு குடுக்கறத நிறுத்தினாலும் இன்வெர்ட்டரோட சொந்த மூளைக்கு அந்த 50 வாட் போயிட்டேதான் இருந்திருக்கு, பேட்டரி இன்னும் கொஞ்சம் எறங்கி, பத்து சதவீதத்துக்கு கொஞ்சம் கீழ போனதுமே பேட்டரிக்குள்ள இருந்து அத காவல் காக்கற சர்க்யூட், பிஎம்எஸ்ன்னு பேரு, போதும்டா சாமின்னு தன்னையே கழட்டிக்கிச்சு. என் மாடல் இன்வெர்ட்டருக்கு பேட்டரி வோல்டேஜ் இல்லாம எந்திரிக்கவே தெரியாது. சில மாடல் பேனல் கரண்ட்லயே எந்திரிக்கும், என்னோடது அந்த ஜாதி இல்ல. மாடில நாலு கிலோவாட் சும்மா காயுது, கீழ அத வாங்கிக்க ஆள் முழிச்சிட்டில்ல. ரெண்டாவது தடவயும் அதே அசிங்கம்! மத்தியானம் ரெண்டு மணிக்கு கிரிட் வந்ததும்தான் அது கண்ணு முழிச்சுது.

இப்ப செட்டிங்க மாத்திட்டேன். கிரிட் இல்லாதப்போ 20 சதவீதத்துலயே வீட்டுக்கு குடுக்கறத நிறுத்திடும். 20லேர்ந்து 10 வரைக்கும் ஒரு யூனிட் இருக்கு, அது இன்வெர்ட்டர் மூளைக்கு மட்டும், ராத்திரி முழுக்க முழிச்சிருந்து காலைல சூரியன வாங்கிக்க அது தாராளம். பேட்டரி வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இத ஒரு தடவ வேணும்னே சோதிச்சுப் பாருங்க. ஒரு லீவு நாள்ல மெயின் சுவிட்ச்ச ஆஃப் பண்ணிட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டுங்க. நெஜமான ராத்திரில கத்துக்கறத விட அது எவ்ளோவோ மேல்.

அந்த ராத்திரிக்கு அப்புறம் அம்மா ஒரு காகிதத்துல எழுதி போர்டு பக்கத்துல ஒட்டிட்டாங்க. கரண்ட் போனா, முதல்ல ஏசி ஆஃப், படுக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் போடலாம், ரெண்டாவது ஒரே ரூம்ல படுக்கறது, மூணாவது பேட்டரி பாதிக்கு வந்தா ஃபிரிட்ஜ தவிர எல்லாம் ஆஃப். ஒரே ரூம்ல எல்லாரும் படுத்தா அந்த ஒரு ரூம் ஏசிய மூணு மணி நேரம் ஓட்டி ரூம குளுமையாக்கிட்டு அப்புறம் ஃபேன்ல சமாளிக்கலாம்னு இப்ப எங்களுக்கு அத்துப்படி. நான் வாங்கின பேட்டரிய விட அம்மா எழுதின காகிதம்தான் ரெண்டாவது தடவ கரண்ட் போனப்போ எங்கள 31 மணி நேரம் ஓட்டுச்சு. அதுல நடுவுல ஒரு முழு பகல் வெயில் இருந்துச்சுங்கறதையும் சொல்லிடணும், பேட்டரி திரும்ப ஃபுல் ஆயிடுச்சு. மூணு நாள் மேகமா இருந்தா இந்த கதை வேற மாதிரி போயிருக்கும், அடர்த்தியா மேகம் கட்டினா பேனல் பத்துல ஒரு பங்கு ரெண்டு பங்குதான் குடுக்கும். அதனாலதான் சில பேர் நான் கிரிட்டையே வெட்டி விட்டுட்டேன்னு பெருமை பேசும்போது எனக்கு கொஞ்சம் சந்தேகமா பாக்கத் தோணும். முடியாதுன்னு இல்ல, ஆனா வருஷத்துல அந்த பத்து மோசமான நாளுக்காக ரெண்டு மடங்கு மூணு மடங்கு பேட்டரி வாங்கி மிச்ச நாள் பூரா சும்மா வெச்சிருக்கணும், இல்லேன்னா ஜெனரேட்டர் வாங்கணும். கிரிட் மாதிரி மலிவான பேக்கப் வேற எதுவும் இல்ல, அதுக்கு நாம பேக்கப், நமக்கு அது பேக்கப்.

தெனமும் நான் எப்படி ஓட்டறேன்னு கேட்டா, இதுல ஒரு இழுபறி இருக்கு. பேட்டரிய ஃபுல்லாவே வெச்சிருந்தா எப்ப கரண்ட் போனாலும் தயார், ஆனா அப்போ சாயங்காலம் கிரிட்டுலேர்ந்துதான் இழுப்போம், டக் கர்வ்ல நம்ம பங்கும் ஏறும், பேட்டரியும் செவுத்துல மாட்டின அலங்காரம்தான். முழுசா சாயங்காலமே காலி பண்ணிட்டா பத்து மணிக்கு கரண்ட் போனா அம்போ. நான் வெச்சிருக்கறது 40 சதவீதம் ரிசர்வ், அதுக்கு மேல இருக்கறத சாயங்காலம் ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் வீடே சாப்பிடும், கிரிட்டுலேர்ந்து அந்த நாலு மணி நேரம் கிட்டத்தட்ட ஒண்ணும் எடுக்கறதில்ல. புயல் அறிவிப்பு வந்தாலோ, வெயில் ரொம்ப மோசமா இருந்து கரண்ட் சிக்கனமா செலவு பண்ணுங்கன்னு எச்சரிக்கை வந்தாலோ முதல் நாளே 100க்கு ஏத்திடறேன். எச்சரிக்கை வந்த அன்னிக்கு சாயங்காலம் கிரிட்டுலேர்ந்து சார்ஜ் பண்ண ஆரம்பிக்கறது மட்டும் பண்ணாதீங்க, எல்லாரும் அதையே பண்ணா அதுவே ஒரு லோடு.

அதே மாதிரிதான் கரண்ட் திரும்ப வர்ற நேரமும். ஊர் முழுக்க ஃபிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒரே நொடில ஸ்டார்ட் ஆகும், வழக்கமான லோட விட எக்கச்சக்கமா ஏறும், வந்த கரண்ட் மறுபடி போறது பல நேரம் அதனாலதான். நாங்க இப்ப கிரிட் வந்தாலும் அரை மணி நேரம் பேட்டரிலயே இருக்கோம், இன்வெர்ட்டர்ல அந்த ஆப்ஷன் இருக்கு. சோலார் இன்வெர்ட்டரும் கிரிட் வந்த உடனே பாயாது, சில நிமிஷம் வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் நெலையா இருக்கான்னு பாத்துட்டுதான் சேரும். மனுஷங்களுக்கு அந்த பொறுமை இல்ல.

ஒரு வீட்டு பேட்டரியால கிரிட்டுக்கு என்ன ஆகப்போகுதுன்னு பெரியவர் கேட்டாரு. ஒண்ணால ஒண்ணும் ஆகாது, நெஜம். ஆனா தெற்கு ஆஸ்திரேலியால 2016 செப்டம்பர்ல புயல்ல மாநிலமே இருட்டானப்புறம், 2017 கடைசில ஹார்ன்ஸ்டேல்ங்கற எடத்துல 100 மெகாவாட் பேட்டரி ஒண்ணு வெச்சாங்க, அப்ப லித்தியம் பேட்டரில உலகத்துலயே பெருசு அது. ஃப்ரீக்வென்சி எறங்கினா ஒரு செகண்டுக்குள்ள அது கை குடுக்குது, கேஸ் டர்பைன் எந்திரிச்சு வர்றதுக்குள்ள. அதே மாநிலத்துல ஆயிரக்கணக்கான வீட்டு பேட்டரிய சாஃப்ட்வேர்ல கோத்து ஒரே மின் நிலையம் மாதிரி ஓட்டறாங்க. கலிஃபோர்னியால 2024 ஏப்ரல்ல ஒரு நாள் சாயங்காலம் கொஞ்ச நேரத்துக்கு கிரிட்டுக்கு கரண்ட் குடுத்ததுலயே பேட்டரிதான் முதல் எடத்துல இருந்துச்சு, வாத்து கழுத்து நிமிர்ற அதே நேரத்துல. இந்த மாதிரி கோத்து விடற திட்டத்துல சேரச் சொன்னா நான் சேருவேன், ஆனா ஒரு கண்டிஷன், என் ரிசர்வ்வ தொடக்கூடாது. அந்த 40 சதவீதம் எவ்ளோ கேட்டாலும் கெடயாது. அக்ரிமெண்ட்ல அந்த வரி இருக்கான்னு பாக்காம கையெழுத்து போடாதீங்க.

இன்னும் ஒரு சின்ன எரிச்சல் இருக்கு. எல்எஃப்பி பேட்டரில வோல்டேஜ் கிட்டத்தட்ட சமமாவே இருக்கும், 80லயும் 40லயும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதனால எத்தன சதவீதம் இருக்குன்னு பிஎம்எஸ் உள்ள போறதையும் வெளிய போறதையும் எண்ணி எண்ணிதான் சொல்லுது. ரொம்ப நாள் ஃபுல் ஆகாமலே இருந்தா எண்ணிக்கை தப்பிடும். மழை காலத்துல ஒரு மூணு வாரம் ஃபுல்லே ஆகல, ஒரு நாள் 35ன்னு காட்டிட்டே இருந்தது திடீர்னு 12க்கு குதிச்சுது, வீட்ல எல்லாரும் என்னையே பாத்தாங்க. இப்ப வாரத்துக்கு ஒரு நாளாவது 100 தொட விடறேன்.

பெரியவரோட லெட் ஆசிட் போன மாசம் மண்டைய போட்டுடுச்சு. புதுசு வாங்கப் போறேன், உங்கள மாதிரி பேனலும் போட்டுடவா தம்பின்னு கேட்டாரு. வாட் மீட்டர எடுத்துக் குடுத்தேன். ஒரு வாரமா எல்லாத்தையும் அளந்துட்டிருக்காரு, நேத்து கூப்ட்டு "இந்த டிவி ஆஃப்ல இருக்கும்போதே எட்டு வாட் இழுக்குது தம்பி"ன்னாரு, குரல்ல அப்படி ஒரு கோவம்.

எங்க வீட்ல இன்னும் முடியாம கெடக்கறது தண்ணி மோட்டார்தான். கிரிட் பக்கம் இருக்கறதால கரண்ட் போனா தண்ணி ஏத்த முடியாது. பேக்கப் பக்கம் மாத்தினா ஸ்டார்ட் ஆகற நொடில இன்வெர்ட்டர் டிரிப் ஆகுது, ரெண்டு தடவ பாத்தாச்சு. மெதுவா வேகம் புடிக்கற மாதிரி வேரியபிள் டிரைவ் ஒண்ணு மாட்டினா சரியாகும்ங்கறாரு எலக்ட்ரீஷியன் அண்ணன், அவர் வர்றேன்னு சொல்லி ஒன்றரை மாசம் ஆகுது. அதுவரைக்கும் தெனமும் காலைல பத்து மணிக்கு, பேனல் நல்லா ஏறினதும், தம்பி போய் டேங்க ரொப்பிட்டு வர்றான்.